தாமிரபரணிக் கரையின் தோள்கள்: அமைப்பும் அசைவும் நிலைப்பும்

மனித உடலின் பெரிய மூட்டுகளில் மிக அதிகமாக அசைவது தோள். கையை முன்பக்கமாகவோ பக்கவாட்டிலோ தலைக்கு மேல் சுமார் 180 பாகை வரை உயர்த்தலாம். பின்பக்கம் 60 பாகை வரை கொண்டுபோகலாம். முழங்கையை மடக்கியபடி வெளிப்புறம் 90 பாகை அளவுக்கும் உட்புறம் 70 பாகை அளவுக்கும் திருப்பலாம். இந்த வீச்சு வேறு எந்த மூட்டுக்கும் வாய்க்கவில்லை. பெரிய மூட்டுகளில் இடம்விட்டு நழுவுபவற்றில் ஏறத்தாழ பாதி தோள்தான் என்பது இதே கணக்கின் செலவுப் பக்கம். இவ்வளவு தளர்வாகக் கட்டப்பட்ட ஒன்று ஆளையே மரத்தில் ஏற்றுகிறது, கல்லைத் தூக்குகிறது, சுவாமியைச் சுமக்கிறது. இவற்றுக்கு நடுவில் அது கழன்றுவிடாமல் இருப்பது எப்படி என்பதே தோளைப் பற்றிய ஆய்வுகள் எல்லாவற்றின் மையக் கேள்வி. பாவநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை தாமிரபரணிக் கரையிலும் அதன் தெற்கே தேரிக்காட்டிலும் தோளை நம்பிய வேலைகள் பல. ஒவ்வொரு வேலையும் மூட்டின் வேறு வேறு பகுதியின்மேல் பாரத்தை வைப்பதால், இந்த வட்டாரத்தை வைத்தே தோளை முழுவதுமாக விளக்கிவிட முடியும்.

தோளில் மொத்தம் நான்கு இணைப்புகள் உள்ளன. மார்பெலும்பின் மேல்முனையில் காறை எலும்பு சேர்வது முதலாவது. காறை எலும்பின் வெளிமுனை, தோள்பட்டை எலும்பின் உச்சிமுளையோடு சேர்வது இரண்டாவது. புய எலும்பின் உருண்டைத் தலை தோள்பட்டை எலும்பின் ஆழமில்லாத குழிவில் பொருந்துவது மூன்றாவது. பொதுவாகத் தோள்மூட்டு என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். நான்காவதில் எலும்பும் எலும்பும் சேர்வதே இல்லை. தோள்பட்டை எலும்பு, முதுகுப்புறத்தில் இரண்டாம் விலாவிலிருந்து ஏழாம் விலா வரையான பரப்பின்மேல், தசைகளுக்கு நடுவே வழுக்கிக்கொண்டிருக்கிறது. ஆக, கை முழுவதும் உடம்போடு எலும்பால் கட்டப்பட்டிருப்பது கழுத்துக்குக் கீழே, விரல் வைத்தால் தட்டுப்படும் அந்த ஒரே ஒரு மார்பு–காறை மூட்டில்தான். மற்றதெல்லாம் தசையின் பிடி.

இந்த எலும்புகளில் காறை எலும்பு தனிக் கவனத்துக்கு உரியது. கருவில் முதலில் எலும்பாகத் தொடங்குவதும் அதுவே, வளர்ச்சியைக் கடைசியாக முடிப்பதும் அதுவே. அதன் உள்முனை முழுமையாக ஒட்டிப்போக 25 வயது அல்லது அதற்கு மேலும் ஆகிறது. ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்தவை போன்ற பழைய புதைகுழி எலும்புகளில், இறந்தவர் இளவட்டமா நடுவயதா என்று பிரிக்க மானிடவியலாளர்கள் இந்த முனையைத் தேடிப் பார்ப்பது அதனால்தான். காறை எலும்பின் வேலை, தோளை உடம்பிலிருந்து விலக்கி நிறுத்துவது. அது இல்லாவிட்டால் தோள் மார்புக்கு மேல் சரிந்து விழும், கை பக்கவாட்டில் விரியாது. தோள் தரையில் அடிபட விழும்போது வரும் விசையும் இதன் வழியாகவே மார்பெலும்புக்குப் போகிறது. இரு வளைவுகள் சேரும் நடுப்பகுதி மெலிந்திருப்பதால் முறிவும் பெரும்பாலும் அங்கேயே நேர்கிறது. சைக்கிளிலிருந்து விழுந்த பள்ளிப் பிள்ளைகளின் எக்ஸ்ரேயில் அடிக்கடி காணும் முறிவு இது.

தோள்பட்டை எலும்பு முதுகில் நேராகப் பதிந்திருப்பதில்லை. விலாக்கூட்டின் வளைவுக்கு ஏற்ப 30 முதல் 40 பாகை முன்பக்கம் திரும்பியிருக்கிறது. ஆகவே கை இயல்பாக உயரும் திசை நேர் பக்கவாட்டும் அல்ல, நேர் முன்பக்கமும் அல்ல, இரண்டுக்கும் இடைப்பட்டது. பரணில் இருந்து பானையை எடுப்பவர் யாரும் சொல்லிக்கொடுக்காமலே அந்தத் திசையில்தான் கையை நீட்டுகிறார். தோள் பயிற்சிகளை அந்தத் தளத்தில் செய்யச் சொல்வதற்கும் இதுவே காரணம்.

இனி மையமான மூட்டு. புய எலும்புத் தலையின் பரப்பு, அதைத் தாங்கும் குழிவின் பரப்பைப்போல மூன்று நான்கு மடங்கு. எந்த நேரத்திலும் தலையின் கால்பங்கு அல்லது அதற்குச் சற்று மேல்தான் குழிவைத் தொட்டுக்கொண்டிருக்கும். சிறு தட்டில் நிறுத்தி வைத்த பனங்காயின் நிலை அது. தட்டும் கிடையாக இல்லை, செங்குத்தாக நிற்கிறது. இடுப்பில் தொடை எலும்பின் தலையை ஆழமான கிண்ணம் பாதிக்கு மேல் மூடிக்கொள்கிறது. தோளில் எலும்பு அந்த வேலையைக் கைவிட்டுவிட்டது.

கைவிட்டதை மென்திசுக்கள் ஓரளவு ஈடுசெய்கின்றன. குழிவின் விளிம்பைச் சுற்றி நார்க்குருத்தெலும்பாலான வளையம் ஒன்று ஓடி, குழிவின் ஆழத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்குகிறது. மூட்டைச் சுற்றிய உறை தளர்வானது. தசைகள் தளர்ந்திருந்தால் எலும்புத் தலையை இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் இழுத்து விலக்கும் அளவுக்கு அதில் இடமுண்டு. அந்த உறை சில இடங்களில் தடித்துப் பிணைநார்களாகிறது. மேல்நாரும், காக்கையலகு போன்ற முளையிலிருந்து வரும் நாரும் கை தொங்கும்போது தலை கீழிறங்காமல் பிடிக்கின்றன. கை நடு உயரத்தில் வெளிப்புறம் திரும்பும்போது நடுநார் இறுகுகிறது. கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கி வெளிப்புறம் திருப்பினால், தலை முன்னால் பிதுங்காமல் தடுப்பது கீழ்ப்பிணைநாரின் முன்பட்டை. பந்தை ஓங்கி எறியும் நிலையும் ஆற்றங்கரைக் கல்லில் துணியை அடிக்க ஓங்கும் நிலையும் இதுதான். பிணைநார்கள் எப்போதும் இறுகி நிற்பவை அல்ல. ஒவ்வொன்றும் தன் கோணம் வரும்வரை தளர்ந்தே கிடக்கும். வீச்சின் நடுப்பகுதியில் எந்த நாரும் பிடிக்காத பெரும்பரப்பு ஒன்று இருக்கிறது. அன்றாட வேலை பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது.

பலரும் கருதாத இன்னொரு பிடி காற்றழுத்தம். மூட்டுக்குள் இருக்கும் திரவம் ஒரு மில்லிலிட்டருக்கும் குறைவு. உள்ளே அழுத்தம் வெளியைவிடக் குறைந்திருக்கும். வி.பி. குமார், பி. பாலசுப்பிரமணியம் இருவரும் சடலத் தோள்களில் செய்து 1985-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. உறையில் துளையிட்டுக் காற்றை உள்ளே விட்டதும் எலும்புத் தலை தன் இடத்திலிருந்து கீழே சரிந்தது. கை சும்மா தொங்கும்போது தசை பெரிதாக உழைக்காமலே தோள் நிற்பதற்கு விளக்கம் இதில் இருக்கிறது. மூட்டுக்குள் இரத்தமோ நீரோ கோத்துக்கொண்டால் எக்ஸ்ரேயில் தலை தாழ்ந்து தெரிவதும் இதனாலேயே. இது நழுவல் அல்ல, நீர் வடிந்தால் தலை மீண்டும் ஏறிவிடும் என்பதை அறியாவிட்டால் தேவையில்லாத கலவரம் உண்டாகும்.

இத்தனை இருந்தும், வேலை செய்யும் தோளைக் காப்பது தசைதான். ரொட்டேட்டர் கஃப் என்று மருத்துவர்கள் சொல்லும் நான்கு தசைகள் தோள்பட்டை எலும்பிலிருந்து புறப்பட்டு, தட்டையான தசைநாண்களாகி, எலும்புத் தலையை மூன்று பக்கமும் போர்த்திக்கொண்டு முடிகின்றன. மேலே சூப்ராஸ்பைனேட்டஸ், பின்னால் இன்ஃப்ராஸ்பைனேட்டஸும் டீரீஸ் மைனரும், முன்னால் சப்ஸ்கேப்புலாரிஸ். கையைத் திருப்புவது இவற்றின் வேலை என்று பெயர் சொன்னாலும், முதன்மையான வேலை தலையைக் குழிவுக்குள் அழுத்திப் பிடிப்பதே. ஆழமில்லாத குழிவானாலும் அழுத்தம் போதுமான அளவுக்கு இருந்தால் தலை விளிம்பைத் தாண்டாது.

வெளியே தோளுக்கு உருண்ட வடிவம் தரும் டெல்டாய்டு, கையை உயர்த்தும் வலிய தசை. ஆனால் கை தொங்கும் நிலையில் அது தனியாகச் சுருங்கினால் புய எலும்பு பக்கவாட்டில் எழாது. நேராக மேலேறி உச்சிமுளையில் இடிக்கும். அதே கணத்தில் கஃபின் முன்பின் தசைகள் தலையைக் கீழும் உள்ளும் இழுப்பதால்தான் அந்த மேல்விசை சுழற்சியாக மாறுகிறது. இன்மன், சாண்டர்ஸ், அபட் மூவரும் 1944-இல் வெளியிட்ட ஆய்வு இந்த இணைவிசையை அளவுகளோடு காட்டியது; அதன்பின் வந்த எழுத்தெல்லாம் அதற்குத் திருத்தமும் விரிவும்தான் என்று சொன்னால் பெரிய தவறில்லை.

தோள்பட்டை எலும்பும் சேர்ந்து அசையாமல் கை தலைக்கு மேல் போகாது. 180 பாகை உயர்வில் ஏறத்தாழ 120 பாகை குழிவில் நடப்பது, 60 பாகை தோள்பட்டை எலும்பு மேல்நோக்கிச் சுழல்வதால் வருவது. முதல் 30 பாகை வரை தோள்பட்டை எலும்பு அதிகம் அசையாது. பிறகு இரண்டுக்கு ஒன்று என்ற விகிதம் அமைகிறது. ஆளுக்கு ஆள், சுமைக்குச் சுமை இது மாறும். கூடவே காறை எலும்பு சற்று உயர்ந்து, தன் அச்சிலேயே பின்புறமாகச் சுமார் 30 பாகை உருளுகிறது. டிரப்பீசியஸின் மேல், கீழ் நார்களும் விலாக்களிலிருந்து வரும் செரேட்டஸ் ஆன்டீரியரும் சேர்ந்து இழுப்பதே இந்தச் சுழற்சி. செரேட்டஸுக்குப் போகும் நீண்ட மார்பு நரம்பு சேதமானால், சுவரைக் கையால் தள்ளும்போது தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பு முதுகில் புடைத்துக்கொண்டு நிற்கும். கையை முழுதாக உயர்த்தவும் முடியாது. குழிவு தலையைத் தொடர்ந்து திரும்பிக்கொண்டே இருப்பதால்தான் சிறிய குழிவு இவ்வளவு பெரிய வீச்சுக்குப் போதுமானதாகிறது. நிலைப்பு என்பது தோளுக்கு இயல்பாக அமைந்த குணமாக இல்லாமல், ஒவ்வொரு அசைவிலும் தசைகள் காலம் தவறாமல் செய்யும் வேலையாக இருக்கிறது.

இதை உச்ச அளவில் காணக்கூடிய இடம் பனைமரம். திசையன்விளை, சாத்தான்குளம், உடன்குடி பக்கத்துத் தேரிகளில் பதநீர்ப் பருவம் வந்தால் பனையேறுபவர் காலையும் மாலையும் பல பத்து மரங்கள் ஏறி இறங்க வேண்டும். நன்கு வளர்ந்த பனை 30 மீட்டர் வரை போகும். கால்களில் தளைநார், மார்பில் தோல் காப்பு. கைகள் மரத்தைச் சுற்றி அணைத்துப் பிடிக்க, கால்கள் மேலே இழுக்கப்படுகின்றன. பிறகு கால் ஊன்ற, கைகள் மேலே நகர்கின்றன. இங்கே கை நிலையாக நிற்க, உடம்பு அதை நோக்கி நகர்கிறது. தோளை ஆராய்ந்த நூல்கள் பெரும்பாலும் கை காற்றில் அசைவதையே அளந்தவை. பனையேற்றத்தில் தசைகளின் இழுப்பு தலைகீழாகிறது. இடுப்பிலிருந்தும் முதுகெலும்பிலிருந்தும் கிளம்பிப் புய எலும்பில் முடியும் லாட்டிசிமஸ் டார்சையும், மார்புப் பெருந்தசையும் உடம்பையே தூக்குகின்றன. உடற்கூற்று நூல்கள் லாட்டிசிமஸை ஏறும் தசை என்றே குறிப்பிடுகின்றன. குரங்கினங்களோடு பங்கிட்டுக்கொண்ட பழைய உடைமை அது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பனையேற்றம் தோளுக்கு ஆபத்தானதாகத் தோன்றும். உடற்கூறு வேறு சொல்கிறது. மரத்தை அணைக்கும்போது கை உடம்பின் முன்னால், உட்புறம் திரும்பிய நிலையில் இருக்கிறது. தோள் முன்னோக்கி நழுவக் கை பக்கவாட்டில் விரிந்து வெளிப்புறம் திரும்ப வேண்டும். அணைப்பு அதற்கு நேர் எதிர். உண்மையான இக்கட்டு உச்சியில்தான். ஒரு கை மட்டையைப் பற்ற, உடம்பு சரிந்து, மறு கை பாளை அரிவாளோடு எட்டிப் போகும் நேரம் அது. கால் வழுக்கினால் பற்றிய கையில் மொத்த எடையும் சட்டென்று தொங்கும். கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்புப் பின்னலின் கீழ்வேர்கள் அப்போது இழுபட்டு அறுபடலாம்; உள்ளங்கைச் சிறுதசைகள் செயலிழந்து விரல்கள் மடங்கி நிற்கும். மரத்திலிருந்து விழும்போது கிளையைப் பிடித்தவர் என்று உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் படிக்கும் அந்த உதாரணம், பாளையங்கோட்டையில் 1965-இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மாணவருக்குப் பக்கத்து ஊர்க் காட்சி.

இளவட்டக்கல் தூக்குவது வேறு வகைச் சோதனை. வள்ளியூர் அருகே வடலிவிளையில் பொங்கலையொட்டி நடக்கும் போட்டியில் நூறு கிலோவைத் தாண்டும் உருண்டைக் கற்களும் உண்டு, பெண்களும் கலந்துகொள்கிறார்கள். கல் வழவழப்பாக இருக்கும், பிடிக்க விளிம்பு கிடையாது. குத்த வைத்துக் கல்லை அணைத்து எழும் முதல் கட்டத்தில் கை ஏறக்குறைய கீழே தொங்கும் நிலையில் இருக்கிறது. தூக்குவது கால்களும் முதுகும்; தோளுக்கு வருவது கீழ்நோக்கிய இழுவை. சூப்ராஸ்பைனேட்டஸும் டெல்டாய்டும் கஃபின் மற்றத் தசைகளும் தலை கீழிறங்காமல் பிடிக்கின்றன. கல் தொடைக்கு வந்து மார்புக்கு ஏறும்போது வேலை மார்புப் பெருந்தசைக்கும் சப்ஸ்கேப்புலாரிஸுக்கும் மாறுகிறது. அணைப்பு இறுக இறுகத் தலை குழிவுக்குள் மேலும் அழுந்துகிறது. பாரம் கூடக் கூட மூட்டு உறுதியாகும் அபூர்வமான நேரம் அது. மார்பிலிருந்து தோளுக்குக் கல் உருளும் கணத்தில் ஒரு பக்க முழங்கை உயர்ந்து விரிவதால் அந்த அணைப்பு தளரும். பழக்கமில்லாதவர் தோற்பதும் காயப்படுவதும் இங்கேதான். தோளைத் தாண்டிப் பின்னால் போட்டுவிட்டால் வென்றாயிற்று.

கல் தோளில் ஏறியபின் அதைத் தாங்குவது தோள்மூட்டு அல்ல. ஆழ்வார்திருநகரியில் வைகாசியில் ஒன்பது கருட சேவை நடக்கும்போதும், ஊர்க் கோயில் சப்பரங்கள் வீதியுலா போகும்போதும் சீர்பாதம் தாங்குபவர்களின் தோளில் தண்டு உட்காரும் இடம் கழுத்துக்கும் தோள் உச்சிக்கும் நடுவே உள்ள டிரப்பீசியஸ் மேடு. பாரம் அங்கிருந்து காறை எலும்பு வழியே மார்பெலும்புக்கும், டிரப்பீசியஸ் வழியே கழுத்தெலும்புகளுக்கும் போகிறது. குழிவும் தலையும் இந்தப் பாதையில் இல்லவே இல்லை. ஆகவே பல ஆண்டுகள் தண்டு தாங்கியவர்களிடம் தேய்மானத்தை உச்சிமுளை–காறை மூட்டிலும் கழுத்திலும் தேடுவதே பொருத்தம். தண்டுக்கு அடியில் வைக்கும் துணிச்சுருள், விசையைப் பரப்பி எலும்பின் விளிம்பைக் காக்கிறது. கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில் தூணில் அரசகுமாரியைத் தோளில் தூக்கிப் போகும் குறவனைச் செதுக்கிய நாயக்கர் காலச் சிற்பி, பாரத்தைக் கைக்குத் தராமல் தோளின் மேட்டுக்கே தந்திருக்கிறார், பார்த்துச் செய்தவர்.

தேர்வடம் இழுப்பதில் மூட்டு இன்னொரு விதமாக வேலை செய்கிறது. ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் நிலையை விட்டு அசையும் முன், வடம் பிடித்தவர்கள் கையை நீட்டி உடம்பைப் பின்னே சாய்க்கிறார்கள். தோள்பட்டை எலும்புகள் முன்னோக்கி இழுபட, ரோம்பாய்டு தசைகளும் டிரப்பீசியஸின் நடுநார்களும் அவற்றை முதுகெலும்பை நோக்கிப் பிடிக்கின்றன. கூட்டமாக இழுப்பதால் ஒருவர் தோளுக்கு வரும் பங்கு சிறியது. சட்டென்று வடம் தளர்ந்து விறைக்கும் கணங்களே சுளுக்குக்குக் காரணம்.

கல்லும் தேரும் கண்ணில் படும் சுமைகள். கண்ணில் படாத சுமை முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம் வீட்டுத் திண்ணைகளில் இருக்கிறது. மடியில் சுளகை வைத்து, கழுத்து குனிந்து, மணிக்கணக்கில் பீடி சுற்றும் பெண்களின் தோள் ஒரு கிலோகூடத் தூக்குவதில்லை. ஆனால் டிரப்பீசியஸின் மேல்நார்கள் இடைவிடாமல் சிறு இறுக்கத்தில் நிற்கின்றன. நீடித்த இறுக்கம் சிறியதானாலும் தசைக்குள் இரத்த ஓட்டத்தைக் குறைத்து வலியை உண்டாக்கும். முதுகு கூனித் தோள்கள் முன்னே சாய்வதால் உச்சிமுளையும் தாழ்கிறது. பிறகு கையை உயர்த்தும்போது தடை சீக்கிரமே வந்துவிடுகிறது. தோள்வலி என்று இவர்கள் சொல்லும் இடம் பெரும்பாலும் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இருக்கும். மூட்டில் ஊசி போட்டுப் பயனில்லாத வலி இது. அடிக்கடி எழுந்து கையை மேலே நீட்டுவதும், சுளகை உயர்த்தி வைப்பதும் மருந்தைவிட அதிகம் உதவும்.

தோள் தோற்கும் பெரிய வழிகள் மூன்று. முதலாவது நழுவல். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்குக் குறையாமல் முன்னோக்கியே நழுவும். கபடியில் பாடிச் சென்றவரின் விரிந்த கையை எதிரணி பின்னே வளைத்து இழுப்பது அதற்கு அச்சான சூழல். தோளின் உருட்சி போய்த் தட்டையாகும், அடிபட்டவர் கையை அசைக்க விடமாட்டார். குழிவின் முன்விளிம்பு வளையம் பிய்ந்துபோவதே இதன் அடிப்படைச் சேதம் என்று பிளண்டெல் பேங்கார்ட் 1923-இல் எழுதினார். தலையின் பின்புறம் விளிம்பில் மோதிக் குழியாவதை ஹில், சாக்ஸ் இருவரும் 1940-இல் விவரித்தார்கள். பிய்ந்த வளையம் சரியான இடத்தில் ஒட்டாததால், இருபது வயதுக்குட்பட்டவருக்கு மீண்டும் மீண்டும் நழுவும் வாய்ப்பு மிக அதிகம். நாற்பதைத் தாண்டியவருக்கு வளையத்தைவிடக் கஃபின் தசைநாண் கிழிவது மிகுதி. வலிப்பு வந்தபின்னோ மின்சாரம் தாக்கியபின்னோ நேரும் பின்னோக்கிய நழுவல் அரிது. நேராக எடுத்த எக்ஸ்ரேயில் மட்டும் தேடினால் தப்பிவிடக்கூடியது.

நழுவிய தோளை உள்ளே தள்ளும் முறைகள் ஹிப்போகிரட்டீஸ் காலத்திலிருந்து இருக்கின்றன. தென்மாவட்டங்களில் வர்ம ஆசான்களிடமும் அந்தக் கைப்பழக்கம் உண்டு. தள்ளுவதற்கு முன் எக்ஸ்ரே வேண்டும், தோளின் வெளிப்புறத் தோலில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கவும் வேண்டும். டெல்டாய்டுக்குப் போகும் நரம்பு மூட்டுக்குக் கீழே சுற்றிக்கொண்டு போவதால் நழுவலிலேயே அது நசுங்கியிருக்கலாம். எலும்பும் முறிந்திருந்தால் வலுவாக இழுப்பது சேதத்தைப் பெருக்கும். வாரக்கணக்கில் எண்ணெய்க் கட்டு மட்டும் போட்டு விட்டுவைத்த தோள் பிறகு எளிதில் உள்ளே போகாது. மீண்டும் மீண்டும் நழுவினால் கிழிந்த வளையத்தை நுண்துளை வழியாகத் திரும்பக் கட்டலாம். குழிவின் எலும்பே தேய்ந்திருந்தால், 1954-இல் லத்தார்ஜே விவரித்தபடி காக்கையலகு முளையை வெட்டி முன்விளிம்பில் பொருத்துகிறார்கள்.

இரண்டாவது, கஃபின் கிழிசல். உச்சிமுளைக்கும் எலும்புத் தலைக்கும் நடுவே சுமார் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில்தான் சூப்ராஸ்பைனேட்டஸ் நாண் போகிறது. வயதோடு அது நைந்து கிழிவது அறுபதைத் தாண்டியவர்களிடம் சாதாரணம். பலருக்கு வலியே இருக்காது. முன்பின் தசைகள் நன்றாக இருந்தால் இணைவிசை குலையாததால், மேல்நாண் கிழிந்தும் கை உயர்கிறது. படத்தில் கிழிசல் தெரிந்தாலே அறுவை என்று முடிவெடுப்பது அவசரம்.

மூன்றாவது இதற்கு நேர்மாறானது: நிலைப்பு மிகுந்து அசைவு போவது. உறைந்த தோள் என்று காட்மன் 1934-இல் பெயரிட்ட நோயில், தளர்வான உறை தடித்துச் சுருங்குகிறது. வலி மிகும் கட்டம், இறுகும் கட்டம், தளரும் கட்டம் என்று ஒன்று முதல் மூன்று ஆண்டு வரை இழுக்கும். வெளிப்புறத் திருப்பம் முதலில் போவதால் பெண்களுக்குத் தலை வாருவதும் பின்னலில் பூ வைப்பதும் முதல் இடறல்கள். எக்ஸ்ரே பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது பல மடங்கு அதிகம். ஐ.சி.எம்.ஆர்.–இன்டியாப் (INDIAB) ஆய்வின் 2011 அறிக்கையில் தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 10.4 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. ஆகவே காரணமில்லாமல் தோள் இறுகி வரும் நடுவயதினருக்கு இரத்தச் சர்க்கரையைப் பார்ப்பது வழக்கமாக வேண்டும். கட்டாயப்படுத்தி இழுப்பது வலிக் கட்டத்தில் கெடுதல் செய்யும். ஆரம்பத்தில் மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி வலியைக் குறைக்கும்; சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சில நாள் சர்க்கரை அளவு ஏறும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

மூன்றுக்கும் பொதுவான பயிற்சி முறையில் வரிசை முக்கியம். முதலில் தோள்பட்டை எலும்பைப் பிடிக்கும் தசைகள், அடுத்துக் கையை உடம்போடு ஒட்டி வைத்து ரப்பர் பட்டையால் செய்யும் உட்திருப்பமும் வெளித்திருப்பமும், அதன்பின் கையை உயர்த்துவது, கடைசியில்தான் சுமையும் எறிதலும். டெல்டாய்டை முதலில் பலப்படுத்தத் தொடங்கினால், பலமில்லாத கஃபுக்கு எதிராக அது தலையை மேலே தள்ளும். பனையேறுபவர் மீண்டும் மரத்துக்குப் போகும் முன் தாழ்ந்த உத்தரத்தில் இரு கைகளாலும் தொங்கிப் பார்ப்பது, ஒரு கையால் பிடித்து மறு கையை நீட்டிப் பார்ப்பது என்று அவர் தொழிலின் நிலைகளையே படிப்படியாகக் கொடுத்துச் சோதிக்க வேண்டும். நழுவலுக்கு அறுவை செய்தவர்கள் இத்தகைய வேலைக்கும் கபடிக்கும் திரும்பச் சுமார் ஆறு மாதம் பிடிக்கிறது.